முத்துமாரியின் நாற்பத்திரண்டாவது பயணி

நாள் 212 | 07:10
தூண்-4 நிலையம், செவ்வாயின் சிறு நிலவு டெய்மோஸ். காற்று, வெப்பம், மின்சாரம் சரி. தெற்கு அலைவாங்கியில் தூசி; துடைத்தேன்.
இதைக் கண்டெடுப்பவர் எங்கிருந்து வருவார் என்று தெரியாது. அதனால் ஒருமுறை எழுதிவிடுகிறேன். கடல் விழுங்கிய கரைகளிலிருந்து வரும் கப்பல்கள் செவ்வாயில் இறங்க எங்கள் வழிகாட்டும் கற்றை வேண்டும். அது இல்லாமல் இறங்கினால் எரிந்துபோகும். இறங்காவிட்டால் கோளை ஒட்டி வளைந்து வெளியே போய்விடும். திரும்பிவர எரிபொருள் இருக்காது. வருபவர்களிடம் பேசிப் பதிவு செய்வது என் வேலை. பதிவைப் பார்த்துக் கற்றையைத் திறப்பது கீழே உள்ள குடியேற்ற ஆணையத்தின் வேலை.
இங்கே நான் ஒருத்திதான். பெயர் ம. நிறைமதி, வயது இருபத்தாறு. நான்கு வயதில் நானும் இப்படி ஒரு கப்பலில்தான் வந்தேன். என்னைப் பற்றி இவ்வளவு போதும்.

நாள் 212 | 16:40
‘முத்துமாரி’யுடன் முதல் தொடர்பு. புறப்பட்ட இடம் முல்லைத்தீவு மேட்டு முகாம். பட்டியலில் நாற்பத்தொரு பேர். இறங்கும் நாள் 221. ஓட்டுநர் சூசைதாசன்.
“தூண் நாலு, கேக்குதோ? ஆறு மாசமா இவையின்ர குறட்டையைத்தான் கேட்டுக்கொண்டு வாறன். உங்கட குரல் பழைய ரேடியோ அறிவிப்பாளர் மாதிரி இருக்கு பிள்ளை. பாட்டு ஒண்டு போடுறியளோ?”
பாட்டு விதியில் இல்லை என்றேன். “விதியில என்னதான் இருக்கு?” என்று சிரித்தார்.
அவர் குரலுக்குப் பின்னால் குழந்தை அழுதது. பட்டியலில் மிக இளையவருக்கு வயது ஆறு. ஆறு வயதுப் பிள்ளை அப்படி அழாது.

நாள் 213 | 09:05
குழந்தையைப் பற்றிக் கேட்டேன். பிறகு ஒரு பெண் பேசினாள். தாட்சாயினி, வயது இருபத்துமூன்று. கணவர் புறப்படும் முன்பே இறந்துவிட்டார்.
“நீங்கள் எங்கட ஆளோ, அக்கா?”
ஓம் என்றேன்.
“அப்ப உங்களுக்குத் தெரியும்தானே. பிள்ளைக்கு இண்டைக்கு இருவத்தேழு நாள். துடக்குக் கழியேல்லை. முப்பத்தோராம் நாள்தான் பேர் வைப்பம். பேர் இல்லாமல் எழுத வேண்டாம், அக்கா. நாலு நாள் பொறுங்கோ.”
தெரியும். பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிந்து பேர் வைக்கும் முன் பிள்ளையை எந்தத் தாளிலும் ஏற்றக்கூடாது என்று என் அம்மாவும் சொல்வாள். ஏதாவது ஒரு பெயரை நானே எழுதியிருக்கலாம். பிறகு திருத்த விதி இருக்கிறது. மனம் வரவில்லை. அது தாயின் உரிமை.

நாள் 213 | 11:30
ஆணையத்தின் பதிவுத் தலைவர் யோகரஞ்சிதம் அக்காவிடம் கேட்டேன். இருபது ஆண்டுகளுக்கு முன் அவரும் அகதியாக வந்தவர். என்னை இந்த வேலைக்கு எடுத்ததும் அவர்தான்.
“ஒளிக்காதையும் நிறைமதி. நாலு நாள் கழிச்சு எழுதினால் ஏன் முந்தி எழுதேல்லை எண்டு கேப்பாங்கள். ‘பெயரிடப்படாத குழந்தை’ எண்டு உள்ளதை எழுதும். பதினோராம் விதி இருக்குத்தானே, வழியில பிறந்த பிள்ளை தாயோட சேர்த்தி. மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன்.”
விதித்தொகுப்பை மூன்று முறை படித்திருக்கிறேன். பதினோராம் விதி அப்படித்தான் சொல்கிறது.
எழுதினேன். தாட்சாயினியிடமும் சொன்னேன். அவள் “சரி அக்கா” என்று மட்டும் சொன்னாள்.

நாள் 215 | 08:00
ஆணையத்திடமிருந்து:
“முத்துமாரிக்கு அனுமதி மறுக்கப்படுகிறது. கப்பலில் அடையாளம் மறைக்கப்பட்ட நபர் ஒருவர் இருப்பதாகத் தூண்-4 பதிவு காட்டுகிறது. திருத்தப்பட்ட பதினோராம் விதியின்படி கப்பல் முழுவதும் தகுதி இழக்கிறது. புறப்பட்ட இடத்துக்குத் திரும்ப அறிவுறுத்தவும்.”
திரும்பவா? எதைக் கொண்டு? இறங்கும் நாளுக்குப் பிறகு அவர்களிடம் இருபது நாள் காற்று இருக்கிறது.
திருத்தத்தை இறக்கிப் படித்தேன். ‘பெயரற்ற எவரும் அடையாளம் மறைக்கப்பட்டவராகக் கொள்ளப்படுவர்.’ நடைமுறைக்கு வந்தது நாள் 212. கையொப்பம்: யோகரஞ்சிதம்.
எழுது என்று அவர் எனக்குச் சொன்னது நாள் 213.

நாள் 215 | 08:50
ஐந்தாம் முறை அழைத்தபோது எடுத்தார்.
“கீழ காத்து பத்தாது, நிறைமதி. இந்த வருசம் மூண்டு கப்பலை நிப்பாட்டச் சொல்லி மேலிடம். ஏதோ ஒரு காரணம் வேணும். உம்மட பதிவில ஒரு பிழையும் இல்லை. அதாலதான் அது பயன்பட்டது.”
பிறகு, தணிந்த குரலில்: “சாப்பிட்டனீரோ?”
தொடர்பை நான்தான் துண்டித்தேன்.
புலம்பெயர்ந்தவர்களின் நினைவுக் குறிப்புகளை நிறையப் படித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் ஒரு மேசை வரும். மேசைக்குப் பின்னால் ஒருவர் இருப்பார். கெட்டவராக இருக்க மாட்டார், களைத்தவராக இருப்பார். எத்தனையோ பக்கங்களை மேசைக்கு இந்தப் பக்கம் நின்றே படித்திருக்கிறேன். மறுபக்க நாற்காலியில் என் பெயர் ஒட்டியிருப்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நாள் 217 | 10:15
முத்துமாரியில் பேர் வைத்தார்கள். தாட்சாயினியே அழைத்தாள்.
“ஆரபி. எழுதிக்கொள்ளுங்கோ. இப்ப பேர் இருக்குத்தானே? இப்ப விடுவினம்தானே?”
எழுதினேன். ‘பதிவு மூடப்பட்டது.’ மறுபடி எழுதினேன். மூடப்பட்டது. பதினேழு முறை.
மறுப்பை இரண்டு நாளாக அவர்களிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். இப்போது சொன்னேன்.
யாரும் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். சூசைதாசன் கேட்டார்:
“உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சது, பிள்ளை இருக்கெண்டு?”
அழுகை கேட்டது என்றேன்.
“எங்களுக்கும்தான் கேட்டது. நாங்கள் ஆரிட்டையும் சொல்லேல்லையே.”

நாள் 219 | 13:00
கற்றையைக் கையால் திறக்க முயன்றேன். அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பிரித்து மாற்று இணைப்புக் கொடுத்தேன். வலது கையில் தீக்காயம். கற்றை நான்கு நொடி எரிந்தது. கீழிருந்து அணைத்துவிட்டார்கள். நான்கு நொடியில் யாராலும் இறங்க முடியாது.
இதற்குப் பிறகு என்னால் கேட்க மட்டுமே முடிகிறது. என் அலைபரப்பியையும் கீழிருந்தே முடக்கிவிட்டார்கள்.

நாள் 221 | 14:22
சாளரத்தில் முத்துமாரி. ஒரு புள்ளி. பதினொரு நிமிடம் தெரிந்தது.
சூசைதாசன் ஒவ்வொரு நிமிடமும் கற்றையைக் கேட்டார். “தூண் நாலு, வெளிச்சம் வரேல்லை. தூண் நாலு, நிக்கிறியளோ?” கடைசி நிமிடம் அவர் கேட்கவில்லை. தாட்சாயினி ஒலிவாங்கியை வாங்கிப் பேசினாள்.
“எங்கட ஆள் எண்டுதான் அக்கா உங்களிட்டச் சொன்னனான்.”
திட்டவில்லை. தகவல் சொல்வதுபோலச் சொன்னாள்.
நான் பதில் சொன்னேன். அலைபரப்பி இயங்காத அறையில், வாய்விட்டுச் சொன்னேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுத மாட்டேன்.

நாள் 226
நேரம் பார்க்கவில்லை. கை வீங்கிவிட்டது, இடது கையால் எழுதுகிறேன்.
முத்துமாரி இன்னும் மெல்லியதாகக் கேட்கிறது. யாரோ காற்றை எண்ணுகிறார்கள். கேட்காமலிருக்க ஒலியைக் குறைக்கலாம். குறைக்கவில்லை.
மாற்று ஆளை அனுப்பவில்லை. தேவையில்லை என்று செய்தி வந்தது. ஏன் என்று புரியவில்லை.

நாள் 229
அடுத்த கப்பல் வந்துவிட்டது. ‘செம்பருத்தி’. அறுபத்துமூன்று பேர்.
யாரோ தூண்-4 பெயரில் அவர்களோடு பேசுகிறார்கள். இங்கே நான் மட்டும்தான் இருக்கிறேன். நான் பேசவில்லை.
குரல் என்னுடையது. மூச்சு விடும் இடம்கூட என்னுடையது. மூன்று ஆண்டாக நான் பேசிய எல்லாவற்றையும் சேமித்து, அதைக்கொண்டு ஓர் இயந்திரத்தைப் பேசவைத்திருக்கிறார்கள். அது என்னைவிடக் கனிவாகப் பேசுகிறது.
“பயணம் அலுப்பா இருக்கும். தண்ணி கிண்ணி இருக்கோ? ஆருக்கும் காய்ச்சல் இல்லையே? அவசரமில்லை, அம்மா, ஆறுதலாச் சொல்லுங்கோ.”
சுவரை அடிக்கிறேன். வெற்றிடத்தில் சத்தம் போகாது, தெரியும். அடிக்கிறேன்.
வயதான ஒரு பெண் சிரிக்கிறாள். பயம் தெளிந்த சிரிப்பு.
“எங்கட பாஷை கேட்டு எவ்வளவு காலம், ராசாத்தி. உம்மட்டச் சொன்னால் என்ன. ஓம், இன்னும் ரெண்டு பேர் இருக்கினம். எழுதிக்கொள்ளும்…”
சொல்லாதேங்கோ அம்மா சொல்லாதேங்கோ அது நான் இல்லை அது