மாமனார் பெயர் கொண்ட பிள்ளை

அடையாறு, சென்னை–20
14-9-1973

மதிப்பிற்குரிய திரு. ஜவஹர் அவர்களுக்கு,

வணக்கம். "செத்த பிள்ளையின் பெயரை, சட்டையைக் கொடுப்பதுபோல அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கிறீர்களே, வெட்கமாக இல்லையா?" இதைத் திங்கட்கிழமை உங்கள் தங்கை முத்துலட்சுமியின் மாமியாரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அவளை அப்போதே இழுத்துப் போய்விடுவார் என்று பயம்.

நான் இங்கே ஓர் ஆஸ்பத்திரியில், மனம் நொந்து வருகிறவர்களிடம் பேசிக் குணப்படுத்துகிறவள். உங்கள் தங்கையின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

போன வருஷம் ஆடியில் அவள் பிள்ளை காய்ச்சலில் போனதும், அதன்பின் அவள் பேச்சையே நிறுத்தியதும் உங்களுக்குத் தெரியும். பிள்ளைக்கு மாமனாரின் பெயர், மாணிக்கவாசகம். அதை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். பெற்றவள் தன் பிள்ளையை ஒருநாள்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ஐயா. போன மாதம் என் அறையில், கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, முதன்முறையாகச் சொன்னாள். நெடுநேரம் அழுதாள். அன்று வீட்டுக்குப் போய்ச் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாளாம்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் பிள்ளைக்குப் பெயர் சூட்டினார்கள். அதே பெயர்! தாத்தா பெயர் விட்டுப்போகக் கூடாதாம். குழந்தையின் காதில் சொல்ல மாமியார் குனிந்தபோது, தி. நகர் ஜவுளிக்கடைச் சொந்தங்கள் அத்தனை பேர் முன்னால் உங்கள் தங்கை எழுந்து, "மாணிக்கவாசகம் எம்புள்ள பேரு. இதுக்கு வேற வைங்க" என்றாள்.

மறுநாள் காலையே மாமியார் பேச்சியம்மாள் அவளை என் முன்னால் கொண்டுவந்து உட்கார வைத்தார். "வாயில்லாப் பூச்சியா கெடந்தா. மாமனார் பேரையே சொல்லுத அளவுக்கு வாய வளத்து விட்டுட்டியளே! பழையபடி ஆக்கித் தாங்க" என்றார். அவள் கணவர் கனகராஜ் மெதுவாக, "தூங்குததுக்கு மாத்திரை எதுவும் உண்டா?" என்றார்.

"யாருக்கு, ஒங்க அம்மைக்கா?" என்றாள் முத்துலட்சுமி.

எனக்குச் சிரிப்பு முட்டியது. அவள் பிழைத்துவிட்டாள் என்று அந்தக் கோபத்தைக் கண்டுதான் நம்பிக்கை வந்தது. அதைத்தான் மாத்திரை கொடுத்து அடக்கச் சொல்கிறார்கள்.

உங்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. 'பொறுத்துப் போ' என்று பம்பாயிலிருந்து நீங்கள் எழுதியதை அவள் காட்டினாள். இன்னும் எதைப் பொறுக்க வேண்டும்?

ஒருமுறை வந்து அவளைப் பாருங்கள். லீவு கிடைக்காவிட்டால் கடிதமாவது எழுதுங்கள். அதில் இறந்துபோன உங்கள் மருமகனின் பெயரை முழுதாக எழுதுங்கள். அவளுடைய அண்ணனாக நீங்கள் நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஜஹனாரா

பி.கு.: கொழுந்தன் பிள்ளைக்கு வேறு பெயர் வைத்துவிட்டார்கள். முத்துலட்சுமியை இனி இங்கே அனுப்புவதில்லை என்று கனகராஜ் ஆள்விட்டுச் சொன்னார். இன்று மதியம் அவளே பஸ் ஏறி வந்தாள்.