உன் வாதத்துக்குக் கட்டிய சோறு

எதிர்வீட்டில் யாரோ நல்லெண்ணெயில் பூண்டு வதக்குகிறார்கள். சிரம்பானுக்கு மகன் வீட்டோடு வந்த நாளிலிருந்து, அந்த வாசனை வந்தால் ஜன்னலைச் சாத்திவிடுவேன். இன்று சாத்தவில்லை. உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நமக்கு இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு உன் முழங்கால்கள் வீங்கின. நீ எழுந்தால் மூட்டு நெறிபடும் சத்தம் எனக்கே கேட்கும். பக்கத்து ஊரான மந்தினில் இருந்த வைத்தியர் நாடி பார்த்து, "வாதம் மிஞ்சிப் போச்சும்மா. வயித்தக் காயப் போடாதே. ஆறினது ஆகாது. சூடா, எண்ணெ விட்டுச் சாப்புடு" என்று தைலமும் கொடுத்தார். தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரம் சீவிவிட்டு வந்ததும் அதைச் சூடாக்கி உன் கால்களில் தேய்ப்பேன். நொச்சி இலை ஒத்தடம் கொடுப்பேன். "கதவச் சாத்துங்க, லயத்துல பாத்தா சிரிப்பாங்க லா" என்று நீதான் சிரிப்பாய். மூன்றே மாதத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாய்.

பிறகு மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் வந்தது. தோட்டத்து வீட்டு வரிசையான நம் லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமென்று, ஒரு பிடி சோறுகூடக் கேட்டைத் தாண்டக் கூடாது. வீட்டில் அரிசி வைத்துக்கொள்ளக் கூடாது. பொதுச் சமையல்கூடத்தில்தான் சோறு, அதுவும் கைக்கு வரும்போது ஆறியிருக்கும். விடியலில் இருவரும் வெறும் கோப்பியோடு வேலைக்குப் போனால் பிற்பகல்வரை பட்டினி. உன் கால்கள் மறுபடியும் வீங்கின.

ஒருநாள் காலையில், என் பங்கில் மிச்சம் பிடித்த சோற்றை நல்லெண்ணெய் விட்டு, பூண்டு போட்டுச் சூடாக்கி, உனக்காக உருண்டை பிடித்து, என் பால் வாளியில் துணிக்கடியில் வைத்தேன்.

"வேணாங்க, வம்பு" என்றாய். நான் கேட்கவில்லை.

கேட்டில் காவல்காரன் துணியைத் தூக்கினான். "சியாப்பா பூஞா?"

"இது யாருதுன்னு கேக்குறாரு" என்றார் எங்களை வேலைக்குக் கூட்டிப்போகும் மண்டோர்.

எனக்கு நாக்கு எழவில்லை. நீ நொண்டிக்கொண்டே முன்னால் வந்தாய்.

"அது எம் வாளிங்க. இவரு மாத்தித் தூக்கிட்டாரு."

உன்னை லோரியில் ஏற்றினார்கள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

மூன்று மாதம் சிறையில் சிமெண்டுத் தரையும் ஆறின சோறும். திரும்பி வந்தபோது உன் கைவிரல்களும் மடங்கியிருந்தன. ஏன் அப்படிச் சொன்னாய் என்று ஒரே ஒருமுறை கேட்டேன்.

"ஆம்பளைங்களப் புடிச்சா ஊருக்குக் கப்பலேத்திடுறாங்களாம். அப்புறம் பிள்ளைங்க உங்கள எங்க போய்த் தேடும்?"

உன் குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாதது.

திரும்பவும் தைலம், ஒத்தடம், பத்தியம். வலி குறைந்தது, பழைய நடை வரவில்லை. ஏழு வருடம் என் தோளைப் பிடித்துக்கொண்டே குளிக்கப் போனாய். ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்விட்டாய்.

போன வாரம் அடுப்படியில் ஜாடி உடைந்து கிடந்தது. "யாரு ஒடச்சது?" என்றாள் மருமகள். "நான்தாம்மா" என்றேன். உண்மையில் அன்று முழுக்க நான் அடுப்படிப் பக்கமே போயிருக்கவில்லை. இப்போதெல்லாம் யார் எதைக் கேட்டாலும் முந்திக்கொண்டு ஒப்புக்கொள்கிறேன். தாத்தாவுக்கு வயசாகிவிட்டது என்று வீட்டில் சிரிக்கிறார்கள். ‘நான்தான்’ என்பது அன்று அந்தக் கேட்டில் சொல்லாமல் விழுங்கிய ஒற்றைச் சொல். இன்னும் எத்தனை முறை சொன்னாலும் உன் காதுக்கு வராது.