மடுவத்துத் தராசு

கருமலைத் தோட்டம், மேற்கணக்கு,
அட்டன்.
1982 மாசி 14

அன்புள்ள லெட்சுமிக்கு,

ஜோசப்பின் எழுதுகிறேன். நானும் வீட்டுக்காரரும் சுகம். கோத்தகிரியில் நீயும் உன் வீட்டுக்கார அண்ணனும் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். நீ தலைமன்னாரில் கப்பலேறி நாலு வருஷம் ஆகிறது. எனக்குக் கடுதாசி போடுகிறாய், தங்கச்சி மீனம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. உன்னோடு வராமல் மாயாண்டியைக் கட்டிக்கொண்டு இங்கேயே நின்றுவிட்டாள் என்ற கோபம் இன்னும் தீரவில்லையா? வீம்புக்காரி! நீ கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன். அவளுக்குப் பெண் பிள்ளை பிறந்து எட்டு மாதம். அது பிழைக்குமா என்றே பயந்துபோனோம்.

ஏழாம் நம்பர் மலையில் நாம் தேயிலைக் கொழுந்தெடுத்தது நினைவிருக்கிறதா? எடை குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். நிறுத்த பிறகும் கணக்கப்பிள்ளை ஈரத்துக்கு, சாக்கின் எடைக்கு என்று கழிப்பார். அதற்காகவே கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்கு வருமுன் ஓடைத் தண்ணீரைக் கூடைக்குள் தெளிப்போம். ஒருநாள் நீ அளவு தெரியாமல் ஊற்றி, அது அவர் சப்பாத்தில் சொட்ட, சுள்ளென்ற வெயிலில் நின்றுகொண்டு “பனிங்க ஐயா” என்றாயே! இப்போதும் நினைத்தால் தனியாகச் சிரிக்கிறேன். அந்தச் சிரிப்புக்கு ஆள் இல்லாமல் இந்த மலையே வெறிச்சோடிக் கிடக்கிறது, லெட்சுமி.

நான் இப்போது மலைக்குப் போவதில்லை. பிள்ளை மடுவத்தில் ஆயா. தாய்மார் வேலைக்குப் போகையில் கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுப்போவார்கள்.

போன வருஷம் கொழும்பிலிருந்து ஒரு சட்டம் வந்தது. தோட்டத்துப் பிள்ளைகளையும் மாதாமாதம் நிறுத்துப் பார்க்க வேண்டுமாம். நல்ல சட்டம்தான். நுவரெலியா ஆபீஸ் அதை டவுன் ஆஸ்பத்திரிக்குத் தள்ளியது. ஆஸ்பத்திரி தோட்டத்து டிஸ்பென்சரிக்குத் தள்ளியது. தோட்டத்துத் துரையோ வேலை நேரத்தில் ஒருத்தியையும் விடமாட்டேன் என்றார். கடைசியில் கொழுந்து நிறுக்கும்போதே, கொழுந்து மடுவத்திலேயே பிள்ளைகளையும் நிறுக்கலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். கவர்மெண்டு நர்சு, மிஸ்ஸி சோமாவதி, சின்னச் சிங்களப் பெண், அரைகுறைத் தமிழ். பாவம், கொழுந்துத் தராசுக்குப் பக்கத்திலேயே தன் தராசையும் தொங்கவிட்டாள்.

அந்த இடத்தில் தராசைக் கண்டால் நம் சனத்துக்கு வேறென்ன தோன்றும்? பிள்ளை எடை குறைந்தால் தாய்க்கு அரைப்பேர் என்று லயத்து வீடுகள் முழுக்கப் பேச்சு. சட்டைக்கு மேல் சட்டை, கம்பளித் தொப்பி, தடித்த துணி என்று சுற்றிக்கொண்டு வந்தார்கள். மிஸ்ஸி கழற்றச் சொன்னால், “குளிருல புள்ள வெறைச்சுப் போகும்” என்று ஒரே சத்தம். அவளும் பயந்து அப்படியே நிறுத்தாள். எடை குறைந்த பிள்ளைக்குத்தான் திரிபோஷா சத்து மாவு கொடுப்பார்கள். மீனம்மா பிள்ளைக்கு ஒரு பை கூடக் கிடைக்கவில்லை. தராசில் அது கொழுகொழு பிள்ளை!

என் கைக்கு வந்தால் பஞ்சு மாதிரி இருக்கும். ஒருநாள் மீனம்மா நிறுத்த கையோடு என்னிடம் கொண்டுவந்தாள். வயிற்றோட்டம் வேறு, கண் செருகிக் கிடந்தது. துணியை அவிழ்த்தேன். இடுப்பு மடிப்பிலிருந்து ஓடைக்கல் ஒன்று விழுந்தது. உன் தங்கச்சி அல்லவா! நான் போட்ட சத்தத்தில் கூரைத் தகரமே அதிர்ந்திருக்கும். “கழிச்சிருவாங்கன்னுதானே அக்கா வச்சேன்” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. சத்தம் கேட்டு ஓடிவந்த மிஸ்ஸி கல்லைப் பார்த்தாள். பிள்ளையை வாங்கிக்கொண்டு கொழுந்து லொறியில் ஏறி, மீனம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். தோட்டத்துப் பிள்ளைக்கு இங்கே கட்டில் இல்லை என்றவர்களிடம் சிங்களத்தில் அவள் போட்ட சண்டையை மீனம்மாவுக்கு இன்னும் சொல்லிச் சொல்லி மாளவில்லை.

இப்போது பிள்ளைகளை நிறுப்பது என் மடுவத்தில்தான், அடுப்புக்குப் பக்கத்தில், வெறும் உடம்போடு. போன வெள்ளிக்கிழமை மீனம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். எவ்வளவு கழிச்சீங்க மிஸ்ஸி என்று கேட்டாள். ஒன்றும் கழிக்க இல்லை, எல்லாம் பிள்ளைதான் என்றாள் மிஸ்ஸி. அங்கேயே உட்கார்ந்து அழுதாள் உன் தங்கச்சி.

பிள்ளை தேறிவிட்டது, லெட்சுமி. தபால்காரர் வரும் நாளெல்லாம் மீனம்மா என் வாசலில் வந்து நிற்கிறாள்.

நான் பிள்ளையின் நெற்றியில் சிலுவை போடுகிறேன். அவள் அதன்மேல் திருநீறு பூசுகிறாள். இரண்டும் காக்கட்டும். தங்கச்சிக்கு எழுத மனசு வராவிட்டால் பிள்ளைக்காவது ஒரு வரி எழுது. பேர் தெரியாதே என்று சாக்குச் சொல்லாதே. உன் பேரையே எழுது, வந்து சேரும்.

உன்
ஜோசப்பின்