பத்து மைக்ரோ செகண்ட்

மார்ச் 3
நாங்கள் விற்ற ரத்தப் பரிசோதனை எந்திரம் ஒன்று இன்றும் திரும்பி வந்தது. நூறு முறை ஒழுங்காகக் கிளம்புகிறது. நூற்றொன்றாவது முறை சென்சார் பூஜ்யம் என்கிறது. சென்சாரோடு பேசும் 'டிரைவர்' நிரலை எழுதியவர் ஆந்தை அண்ணன் — கண் இமைக்காமல் திரையைப் பார்ப்பவர். போன மாதம் வேலையை விட்டு அனுப்பியாயிற்று. எல்லாம் அவர் எழுதிய குப்பை என்று மேனேஜர் சொன்னபோது நானும் தலையாட்டினேன். பூம்பூம் மாடு என்னிடம் பாடம் கேட்கலாம்.

மார்ச் 5
எங்கே தடுக்குகிறது என்று பார்க்க நிரலின் நடுவில், 'இதுவரை வந்தாயிற்று' என்று திரையில் காட்டும் ஒரு பிரிண்ட் வரி போட்டேன். கோளாறு மாயம். எடுத்தேன், வந்துவிட்டது. டாக்டரைக் கண்டதும் ஓடியாடும் காய்ச்சல் குழந்தை! டெஸ்டிங் அக்கா, "அந்த வரிய அப்படியே விட்டுட்டு வீட்டுக்குப் போயேன்" என்றார். வெட்கத்தைச் சொல்வானேன், அரை மணி நேரம் அதைத்தான் யோசித்தேன்.

மார்ச் 6
மின்துடிப்பை அலையாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பை மாட்டினேன். சென்சார் சிப் பெரும்பாலும் இரண்டு மைக்ரோ செகண்டில் விழிக்கிறது. எப்போதாவது எட்டு. நாம் மூன்றிலேயே கேள்வி கேட்கிறோம். பிரிண்ட் வரி தின்ற நேரம்தான் காப்பாற்றியிருக்கிறது.
அண்ணனுக்கு இதுகூடவா தெரியாமல் போயிற்று?

மார்ச் 7
தெரிந்திருக்கிறது. நிரலின் பழைய பதிப்பில் பத்து மைக்ரோ செகண்ட் காத்திருக்க ஒரு வரி. காரணம் எழுதவில்லை. பதினோரு மாதம் முன்பு எவனோ ஒரு மேதாவி நீக்கியிருக்கிறான்: 'தேவையற்ற தாமதம் அகற்றப்பட்டது.' பெயரைப் பார்த்தேன்.
நான்.
எவ்வளவு சீக்கிரம் கிளம்புது பாருங்கன்னு கைதட்டல் வேற வாங்கினேனே.

மார்ச் 10
வரியைத் திரும்பப் போட்டுவிட்டு வாயை மூடச் சொன்னார் மேனேஜர். "போனவர் போயிட்டாரு. நீங்களும் போகணுமா?"
மதியம் எல்லோருக்கும் மெயில் அனுப்பினேன்: தவறு என்னுடையது. அண்ணனுக்கும் ஒரு நகல், திருத்திய வரியோடு.

மார்ச் 11
நாலு முறை அழைத்தபின் அண்ணி எடுத்தார். "எங்க வேலை கேட்டாலும் உங்க ஆபீஸ்ல விசாரிச்சிட்டு வேண்டாங்கறாங்க தம்பி. அவரு இப்ப யார்கிட்டயும் பேசறதில்ல."


மார்ச் 14
என் மெயிலைப் பார்த்த மேலிடத்திலிருந்து அண்ணனைத் திரும்பக் கூப்பிட்டுக் கடிதம் போயிருக்கிறது. வருவாரா?

மார்ச் 19
அண்ணனிடமிருந்து மெயில். திரும்பி வருவது பற்றி ஒன்றுமில்லை. பதினாறு வருஷம் என்னை 'டேய் தடியா' என்றே கூப்பிட்டவர் எழுதியிருக்கிறார்: 'வணக்கம் சார். அறை குளிர்ந்தால் பத்து போதாது. பன்னிரண்டு வைக்கவும்.'
வைத்தேன். ஏசியைக் கூட்டிவிட்டு ஆயிரம் முறை கிளப்பிப் பார்த்தேன். ஒருமுறைகூடப் பூஜ்யம் வரவில்லை.