சீல் வைத்த கோழிக்கூட்டைத் திறந்துதர வேண்டி

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற மின் கணக்கெடுப்பாளர்,
தையல்கடை வீடு,
பின்சந்து.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: வீட்டின் பின்புறக் கோழிக்கூட்டின் கம்பி வலையை அகற்றிக் கதவுக்குச் சீல் வைத்தது – நரி புகுந்து கோழிகள் இறந்தது – சீலை எடுக்கவும் வலையைத் திருப்பித் தரவும் வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: 1. ஆக்கிரமிப்பு அகற்றும் பிரிவின் அறிவிப்பு.
2. சுகாதாரப் பிரிவின் அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் வீடு வீடாக மின் மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவன். என் மனைவி தையல்காரர். எங்கள் வீட்டின் பின்புறத்தில் ஏழு கோழிகளும் ஒரு சேவலும் இருந்தன. சேவலின் பெயர் கண்டக்டர். மாலையில் கோழிகள் எல்லாம் கூட்டுக்குள் ஏறும்வரை வாசலில் நின்று அதட்டிவிட்டு, கடைசி ஆளாகத்தான் அது ஏறும். பெயர் வைத்தவர் என் மனைவி.

2. பின்மதிலுக்கு அப்பால் சந்து. சந்துக்கு அப்பால் புதர் மண்டிய காலிமனை. பனிக்காலத்தில் அங்கே இரை குறைந்துவிடும் போலிருக்கிறது. நரி, மரநாய், கீரி எல்லாம் சந்துக்கு வந்துவிடும். இதைத் தெரிந்துதான் கூடு கட்டினோம். கடையில் கோழி வலை என்று விற்கும் மெல்லிய வலை, கோழி வெளியே போகாமல் தடுக்கும். நரி உள்ளே வராமல் தடுக்காது. ஆகவே கனத்த கம்பி வலை வாங்கினோம். கூட்டைச் சுற்றி ஒரு முழம் தோண்டி, வலையை வெளிப்பக்கமாக மடக்கிப் புதைத்தோம். கதவுக்கு, மரநாயின் கைக்கு வசப்படாத கொக்கி போட்டோம். மீந்த தீனியை இருட்டுவதற்குள் அள்ளிவிடுவோம். கூட்டின் பின்சுவர் எங்கள் மதில்தான். மதிலின் மேல்விளிம்புக்கும் தகரக் கூரைக்கும் நடுவே காற்றுக்காக விட்டிருந்த இடைவெளியிலும் வலை அடித்திருந்தோம். அந்த வலையின் ஓரங்களை, துணிக்கு ஓரம் அடிப்பதுபோல, என் மனைவி மெல்லிய கம்பியால் கையாலேயே தைத்தார். விரல்களில் காயம் ஆற வெகுநாள் ஆயிற்று. போன பனிக்காலத்தில் ஒரு கோழிகூடப் போகவில்லை.

3. அந்த மேல் வலை மதிலைத் தாண்டிச் சந்துப் பக்கம் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது. அது தவறுதான். ஒப்புக்கொள்கிறேன். சென்ற வாரம் பிற்பகலில் தங்கள் ஊழியர்கள் வந்து, குறடு கொண்டு தையலைப் பிரித்து, வலையைச் சுருட்டி வண்டியில் போட்டார்கள். பிறகு முன்பக்கம் வந்து கூட்டின் கதவைச் சாத்தி, கொக்கியில் துணி சுற்றி, மெழுகு உருக்கிச் சீல் வைத்தார்கள். கோழிகள் அப்போது வெளியே கிளறிக்கொண்டிருந்தன. மேலே திறந்து கிடக்கிறது, கதவுக்கு மட்டும் சீல் எதற்கு என்று கேட்டேன். அவர்களுடன் வந்த மேஸ்திரி மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: "எங்களுக்கு வந்த பேப்பர்ல வலையை எடு, கதவுக்கு சீல் வைன்னு இருக்கு. ரெண்டும் செஞ்சாச்சு. கோழி எங்க தூங்கும்னு அதுல போடலையே சார்." அவர் மீது எனக்குப் புகார் இல்லை.

4. கோழிகளின் வழக்கம் ஒன்றைத் தங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அவை தினமும் அடையும் இடத்தில்தான் அடையும். வேறு இடம் காட்டினால் புரியாது. அன்று மாலை எல்லாம் வழக்கம்போல மூடிய கதவின் முன் வந்து வரிசையாக நின்றன. கண்டக்டர் அதட்டிப் பார்த்தது. கதவு திறக்கவில்லை. பிறகு அது விறகு அடுக்கின் மீது ஏறி, அங்கிருந்து மதிலுக்குத் தாவி, வலை இருந்த இடைவெளியைக் கண்டுபிடித்துவிட்டது. ஒவ்வொன்றாக உள்ளே அனுப்பிவிட்டுத் தானும் இறங்கிற்று. "பாத்தீங்களா, எப்படியோ உள்ள போயிடுச்சுங்க!" என்று என் மனைவி சிரித்தார். நானும் சிரித்தேன். ஒரு கோழி மட்டும் போகவில்லை. அதற்கு வால் கிடையாது. தாவினால் நிலை தடுமாறும். மொட்டைவால் என்று கூப்பிடுவோம். அதை என் மனைவி தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

5. இடைவெளியை அடைக்க நான் வீட்டுக்குள் பலகை தேடிக்கொண்டிருந்தேன். பனி இறங்கியிருந்தது. விளக்குப் போடும் நேரம்தான், அக்கம்பக்கத்தில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. நரி அவ்வளவு சீக்கிரம் வரும் என்று நினைக்கவில்லை. சத்தம் கேட்டு ஓடினேன். அந்த இடைவெளியில் நரி நுழையலாம், ஆள் நுழைய முடியாது. கையை விட்டால் முழங்கை வரைதான் போகும். வழி என்பது கதவு ஒன்றுதான்.

6. கதவின் முன் நான் நின்றேன். கொக்கியில் கை வைத்தேன். சீல் இருந்தது. "பிடுங்கிப் போடுங்க, வெறும் மெழுகுதானே!" என்று என் மனைவி கத்தினார். "இரு, அது சர்க்கார் சீல்" என்றேன். மின் மீட்டரிலும் சீல் உண்டு, ஐயா. அதைத் தொட்டவர்கள் மீது அறிக்கை எழுதுவது என் வேலையாக இருந்தது. பிள்ளை விளையாடியது, எலி கடித்தது என்று ஆயிரம் காரணம் சொல்வார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்வேன்: காரணம் எதுவானாலும் சீலில் கை வைக்கக் கூடாது. உள்ளே சத்தம் ஓயும்வரை நான் கொக்கியில் வைத்த கையை எடுக்கவும் இல்லை, இழுக்கவும் இல்லை.

7. நரி ஒன்றைத் தூக்கிப் போனது. மற்றவற்றைக் கடித்துப் போட்டுவிட்டது. காலையில் கதவு இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்டக்டர் அந்த இடைவெளிக்கு நேர் கீழே கிடந்தது. மற்றவை மூலையில் ஒன்றாகக் கிடந்தன. கதவைத் திறந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. என் மனைவிக்குத் தெரியும். எனக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு தாடை இருக்குமே, அப்படி இருக்கிறது. இன்னும் தெளியவில்லை.

8. அவை இன்றும் உள்ளேயே கிடக்கின்றன. குளிர் காரணமாக நாற்றம் முதலில் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. அண்டை வீட்டார் சொல்லி, தங்கள் சுகாதாரப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, மூன்று நாளில் கூட்டைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று அறிவிப்புத் தந்தார். சீலை எடுத்துக் கொடுங்கள், இப்போதே செய்கிறேன் என்றேன். "நான் தொட முடியாதுங்க, அது வேற செக்‌ஷன்" என்றார். ஒரு பிரிவு திறக்காதே என்கிறது, மறு பிரிவு பெருக்கு என்கிறது. இரண்டு தாளிலும் தங்கள் அலுவலக முத்திரைதான் இருக்கிறது.

9. என் மனைவி அன்றிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. சாப்பாடு வைக்கிறார். மொட்டைவாலிடம் மட்டும் பேசுகிறார். அது பகலில் தையல் மெஷினுக்கு அடியில் இருக்கிறது. மாலை ஆனதும் எழுந்து போய்ச் சீல் வைத்த கதவின் முன் நின்றுகொள்கிறது. அவர் போய்ப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அதைத் தூக்கி வருகிறார். இந்த மனுவை நேற்று உரக்கப் படித்தேன். அவர் மெஷினை நிறுத்தவில்லை. படித்து முடித்ததும், வலையை அரை முழம் புதைத்ததாக எழுதியிருப்பது தப்பு, ஒரு முழம் என்று கோழியிடம் சொன்னார். திருத்திவிட்டேன்.

10. ஆகவே தாங்கள் அருள்கூர்ந்து,
(அ) ஆள் அனுப்பிச் சீலை எடுத்துத் தர வேண்டும். இறந்தவற்றை நாங்கள் புதைக்க வேண்டும்.
(ஆ) எடுத்துச் சென்ற வலையையே திருப்பித் தர வேண்டும். புதிய வலை வேண்டாம். அதில் என் மனைவியின் தையல் இன்னும் மிச்சம் இருக்கிறது. இம்முறை மதிலுக்கு உட்பக்கமாகவே அடிப்போம். பனிக்காலம் முடிய நாள் இருக்கிறது. நரி தினமும் மதில்மேல் வந்து பார்த்துப் போகிறது.

ஒரு மெழுகுக் கட்டிக்காக இவ்வளவு பெரிய மனுவா, தானே பிய்த்துப் போடலாமே என்று தங்களுக்குத் தோன்றலாம். மேஸ்திரியே வழியில் பார்த்தபோது அதைத்தான் சொன்னார், யாரும் கேட்க மாட்டார்கள் என்றார். என்னால் முடியாது, ஐயா. இன்று நான் அதைப் பிய்த்தால், அன்றைக்கும் பிய்த்திருக்கலாம் என்று ஆகிவிடும். ஆகவே தங்கள் ஆள் வந்துதான் எடுக்க வேண்டும். மாலைக்குள் வந்தால் நல்லது. மொட்டைவால் வாசலில் நிற்கும் நேரம் அது.

நாள்: டிசம்பர் 19
இடம்: மேற்படி வீடு

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
ஓய்வுபெற்ற மின் கணக்கெடுப்பாளர்

இணைப்பு: இரண்டு அறிவிப்புகளின் நகல், சீலின் புகைப்படம் (சேதம் ஏதும் இல்லை).