ஒரே சிலிண்டரில் இருவர்

இரும்புலியூர் பல் மருத்துவர் நேற்று எனக்குத் தற்காலிகப் பல் கட்டுவதற்காகச் சின்னக் கிண்ணத்தில் பொடியையும் திரவத்தையும் குழைத்தார். அந்த நெடி மூக்கில் ஏறியதும் பம்மலில் நீ பல்செட் செய்துகொண்டிருந்த ஒற்றை அறைக்குப் போய்விட்டேன். வெளியே தோல் பதனிடும் வாடை, உள்ளே இந்த நெடி. "வாயத் திறங்க சார்" என்று அவர் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

அதே பொடியில்தான் எனக்கு நாற்பது காலாட்களைச் செய்து கொடுத்தாய். மேசைமேல் பொம்மைப் படைகளை நிறுத்தி, டேப்பால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டி மோதும் ஆட்டம் நம்முடையது. உன்னிடம் துபாயிலிருந்து உன் மச்சான் அனுப்பிய படை இருந்தது. என் படைக்குக் கதையும் விதியும் நான் எழுதினேன், உருவம் நீ கொடுத்தாய். காற்றே இல்லாத ஒரு கிரகத்துச் சுரங்கக்காரர்கள். ஆக்சிஜன் சிலிண்டர் தட்டுப்பாடு என்பதால் இருவருக்கு ஒன்று. பல்செட் கம்பியை வளைத்து, ஒருவன் மார்பிலிருந்து மற்றவன் மார்புக்குக் குழாயாக மாட்டிவிட்டாய்.

"என்னய்யா, எல்லாம் ஈறு கலர்ல இருக்கு?" என்றேன்.

"பெயிண்ட் அடிச்சா சரியாப்பூடும். இல்லாங்காட்டி உன் வாயிலயே வெச்சி உட்றேன்."

விதியைப் படித்ததும்தான் உனக்குக் கோபம் வந்தது. இணையில் ஒருவன் விழுந்தால் மற்றவன் அவனை விட்டு நகரக்கூடாது, ஆட்டம் முடியும்வரை அங்கேயே நிற்க வேண்டும் என்று எழுதியிருந்தேன்.

"இன்னா ரிப்போர்ட்டரே, இது ஜெயிக்கிற படையா, துக்கம் விசாரிக்கிற படையா?"

"என் படை. உனக்கென்ன?"

"சரி, எழுதிக்கோ. எதிர்ல ஆடப்போறது நான்தானே."

சொந்தமாகச் செய்த படைக்கு எதிராளி ஒத்துக்கொண்டால்தான் மேசையில் இடம். நீ ஒத்துக்கொண்டாய். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்து நேராகத் தாம்பரம் வந்து, என் சாப்பாட்டு மேசையில் என்னைத் தோற்கடித்துவிட்டுப் போவாய். நான் ஒரே ஒருமுறை ஜெயித்தேன். அன்று உனக்குக் காய்ச்சல்.

நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. அந்தப் பெட்டியை நான் திறக்கவே இல்லை. போன மாதம்தான் வேளச்சேரியில் இந்த ஆட்டம் ஆடுகிறவர்கள் கூடும் இடத்துக்கு எடுத்துப் போனேன். ஐ.டி. வேலை பார்க்கும் ஒரு பெண் பொம்மைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "கையாலயா செஞ்சாங்க? சான்ஸே இல்ல அங்கிள்!" பிறகு விதியைப் படித்தாள்.

"இது ஃபேர் இல்லையே. எனக்கில்ல, உங்களுக்கு. பாதி ஆர்மி சும்மா நிக்கும். அப்படி ஜெயிச்சு நான் என்ன பண்றது? இந்த ரூல எடுத்துடுங்க, இப்பவே ஆடலாம்."

பெட்டியை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் அது இரண்டு வருடமாக மூடித்தானே கிடந்தது. "சரிம்மா, எடுத்துடலாம்" என்றேன். இதை உன்னிடம் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இரண்டாவது சுற்றில் ஒருவன் விழுந்தான். அவள் அவனைக் கம்பியிலிருந்து பதமாகக் கழற்றி ஓரமாக வைத்தாள். மற்றவன் மார்பில் கம்பி தொங்க நின்றான். "உங்க மூவ், அங்கிள்." ஆறு அங்குலம் அளந்தேன். அவனைத் தனியாக நடத்திக்கொண்டு போனேன். அதற்குப் பிறகு விழுந்தவர்களை நான் பார்க்கவில்லை.

ஜெயித்துவிட்டேன். "சொன்னேன்ல?" என்று அவள் கைகொடுத்தாள். நல்ல பெண். தாம்பரம் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஜெயித்த செய்தியைச் சொல்ல ஒரு ஆளும் ஞாபகத்துக்கு வரவில்லை. நீ கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று எழுதமாட்டேன். காதால் கேட்காததை மேற்கோளில் போட்டு எனக்குப் பழக்கமில்லை.

வரும் ஞாயிறும் கூப்பிட்டிருக்கிறாள். போகிறேன். ஒரு பழக்கம் மட்டும் விடவில்லை. டேப்பை வைத்து அளந்ததும் நிமிர்ந்து எதிரே பார்ப்பேன், நீ தலையசைத்தால்தான் டேப்பை எடுப்பேன். எந்த விதியிலும் அப்படி இல்லை. இப்போதும் நிமிர்கிறேன். என்ன வேண்டும் என்று புரியாமல் அவளும் நிமிர்ந்து பார்க்கிறாள்.