துவக்க அட்டையில் சந்தனம்

26 அக்டோபர் 1974, சனி இரவு

காலையில் அலுவலகம் போனதும், சரஸ்வதி பூஜையில் வைத்திருந்த துளையட்டை அடுக்கை எடுத்தேன். மேலே காய்ந்திருந்த சந்தனத்தை முந்தானையால் துடைத்துவிட்டு கம்ப்யூட்டருக்குக் கொடுத்தேன். அந்த அட்டைகளைப் படித்தால்தான் அது கிளம்பும். இன்று கிளம்பவில்லை.

மதியம் இன்ஜினீயர் வந்து அடுக்கைப் பிரித்தார். சந்தனத்தின் ஈரம் இறங்கி மூன்று அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அச்சிட்ட பட்டியலைப் பார்த்து மூன்றையும் நானே புதிதாகத் துளையிட்டேன். நாலு மணிக்குக் கிளம்பியது. அதில் ஏற்றி வைத்திருந்த கல்லூரிப் பரீட்சை மார்க்குகள் அத்தனையும் பத்திரமாக இருந்தன.

அதற்குள் மேலாளர் அட்டெண்டர் முனுசாமியைப் பிடித்துக்கொண்டார். "அட்டைக்குமாய்யா பொட்டு வைப்பே?"

"மிஷினுக்குத்தான் சார் வெச்சேன். அட்டைய நான் தொடவே இல்ல."

"அப்போ சந்தனம் தானா நடந்து போச்சாக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திங்கட்கிழமை முனுசாமிக்கு மெமோ.

புத்தகத்துக்கு வைப்பதுபோல அட்டைக்கு வைத்தது என் விரல். முனுசாமி அப்போது பக்கத்தில்தான் நின்றார். இன்று என் பெயரைச் சொல்லவில்லை.

இரண்டு முறை படுத்து எழுந்துவிட்டேன். மேலாளர் வீடு அடுத்த தெருவில்தான். திங்கள் வரை பொறுக்கப் போவதில்லை. நாளைக் காலையே போய், வைத்தது நான் என்று சொல்லப் போகிறேன். வீட்டில் யாருக்கும் இன்னும் தெரியாது.